மூன்று தரம் அவித்த எலும்பு

தங்கரத்தினம் தண்ணீரையே கழுவிவிட்டுத்தான் குடிப்பார் என்று தொழிலாளர் லயத்துப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். மலேசியாவில் ரவாங்குக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்த யாழ்ப்பாணத்துச் சிதம்பரநாதனின் அக்கா அவர். தம்பி மனைவி இறந்தபின் தம்பிக்குச் சமைத்துப் போட்டே ஐம்பதைத் தாண்டியவர். மீனோ இறைச்சியோ அந்த வீட்டுப் படியேறியதில்லை.

எண்பத்து நான்காம் வருஷம், வீட்டுக் காவலுக்கென்று தம்பி ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தார். காவலாவது ஒன்றாவது! அது அக்காவின் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் அலைந்தது. யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷி, "என்ரை ராசா" என்று அதைக் கொஞ்சுவது வேலிக்கு வெளியே கேட்டது. அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்.

நாலாம் மாதம் பால்பல் விழ, குட்டிக்கு ஈறு அரிக்கத் தொடங்கியது. தம்பியின் சப்பாத்து போயிற்று, நாற்காலிக் கால் போயிற்று. கடிக்க எதைத்தான் கொடுப்பது? காரட்டை நொடியில் தின்று தீர்த்தது. தேங்காய் மட்டையின் தும்பு தொண்டையில் சிக்கி இருமியது. லயத்துப் பிள்ளைகள் ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சுற்றி விளையாடும் பந்தைக் கொடுத்தால் பிய்த்து விழுங்கப் பார்த்தது, தங்கரத்தினம் பதறிப் பிடுங்கினார். ரவாங் கடையில் வாங்கிய, தோலை முறுக்கிச் செய்த நாய் எலும்பும் கொழகொழவென்று ஊறி முழுசாக உள்ளே போகப் பார்த்தது.

வீட்டுப் பூச்செடிகளைக் கவனிக்கும் அப்பளசாமி, வேட்டை நாய் வளர்த்துப் பழகியவர். அவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் வாழையிலையில் சுற்றி ஆட்டுத் தொடையெலும்பு ஒன்று கொண்டுவந்தார்.

"பச்சையாவே குடுங்கம்மா. வேக வச்சா சில்லு சில்லா உடைஞ்சு கொடலக் குத்திரும்லா."

குட்டிக்காக எலும்பைப் படியேற்றவே தங்கரத்தினத்தின் மனசு பட்ட பாடு கொஞ்சமல்ல. அதிலும் பச்சை இரத்தத்தோடா? பன்றி வேட்டைக்குப் போகிறவனுக்குச் சுத்தம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார். கொல்லையில் பழைய சட்டியை வைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி மூன்று தரம் அவித்தார். வெள்ளை வெளேரென்று வந்த எலும்பைக் குட்டிக்குத் தன் கையாலேயே கொடுத்தார். குட்டி அதை மொறுமொறுவென்று கடித்துத் தின்றது.

மறுநாள் காலை குட்டி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தது. வயிறு கல்லாக இருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று தம்பி கேட்டதும், பயத்தில் வாயில் பொய் வந்தது: அப்பளசாமி கொண்டுவந்த பச்சை எலும்பு என்றுவிட்டார். தம்பி அப்பளசாமியை வாய்க்கு வந்தபடி ஏசினார். அப்பளசாமி குட்டியைத் தூக்கிக்கொண்டு, அக்காவோடு ரவாங் மிருக வைத்தியரிடம் போனார்.

எலும்பு பச்சையா, வேகவைத்ததா என்று டாக்டர் கேட்டார். பச்சைதான், தான் சொல்லித்தான் அம்மா கொடுத்தார்கள் என்றார் அப்பளசாமி. அப்படியானால் கரையக்கூடும், இன்று பார்த்துவிட்டு நாளை கொண்டுவாருங்கள் என்று மருந்து கொடுத்தார் டாக்டர். தங்கரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். சே, என்ன மனுஷி!

படியிறங்கும்போது அப்பளசாமி சொன்னார்: "இத்தன வருசம் என் நாய்ங்களுக்கும் இதத்தாம்மா குடுத்தேன். இனிமே குடுக்க மாட்டேன்."

தங்கரத்தினம் அப்பளசாமியின் கையிலிருந்து குட்டியைப் பறித்துக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினார்.

"அவிச்சனான், டொக்டர். மூண்டு தரம் அவிச்சனான். அது பச்சையில்லை."

டாக்டர் குட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். வாசல் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பளசாமி நெடுநேரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து இல்லையென்று தலையை ஆட்டினார். சில்லுகள் குடலைக் கிழித்திருந்தன.

வீட்டு வாசலில் தம்பி காத்திருந்தார். துணியில் சுற்றிய குட்டியைக் கண்டதும் அப்பளசாமியிடம் மறுபடி ஆரம்பித்தார். தங்கரத்தினம் இடையில் வந்து நின்றார்.

"அவரை ஏசாதை, தம்பி. அவர் சொன்னபடி செய்திருந்தா பிள்ளை இப்ப என்ரை காலடியில நிண்டிருக்கும். நான்தான் அதைச் சாகடிச்சனான்."