தொட்டிச் செடிக்குப் போட்ட மேலுரம்

குத்தகை வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்து, நிலம் கையில் நிலைத்த வருடம் என் மனைவி மல்லிகா மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டாள். பின்னால் வேலம்பாசி, முன்னால் குட்டைச் செடி, சண்டை போடாத சின்ன மீன்கள் எட்டு என்று ஒரு மாதம் யோசித்து, காலண்டர் தாளின் பின்புறம் படமே வரைந்துவிட்டாள். கும்பகோணத்துக் கடையில் அதன்படியே வாங்கினோம்.

பத்து நாளில் இலைகள் மஞ்சளாயின. "கொஞ்சம் யூரியா போடட்டுமா?" என்றேன்.

"வயலுன்னு நெனச்சீங்களா? மீன் கழிவே அதுக்கு உரம். நீங்க சும்மா இருங்க" என்று சிரித்தாள்.

நெற்பயிருக்கு மேலுரம் வீசிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. அவள் வலங்கைமானுக்குத் தாய்வீடு போனதும் ஒரு பிடி யூரியாவைத் தொட்டியில் தூவினேன். மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மூன்றாம் நாள் அவள் திரும்பியபோது எட்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"என் மேலதாங்க தப்பு. செடிக்கும் மீனுக்கும் ஒத்துக்கல போல" என்றவள், அந்தக் காலண்டர் தாளை அடுப்பில் போட்டாள்.

அடுத்த வாரம், மீனில்லாத தொட்டியில் செடி பச்சைப் பசேலென்று தழைத்தது.

இப்போதெல்லாம் வயலுக்குக்கூட அவளைக் கேட்காமல் நான் உரம் போடுவதில்லை. "எல்லாத்துக்கும் ஏன் என்னைக் கேக்குறீங்க?" என்று அலுத்துக்கொள்வாள். காரணத்தை இன்றுவரை சொன்னதில்லை. இதை நான் எழுதி அனுப்பும் இந்த இதழ் வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் பிரித்துப் படிப்பவள் மல்லிகாதான்.