தயாளன் தப்பாக அடித்த பம்பை

தயாளனுக்குக் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சர்க்யூட் பலகைகளைப் பார்த்துக் கோளாறானதை ஒதுக்க வேண்டும். பிறவியிலேயே வலது கால் சூம்பியவன். ஊன்றுகோலோடு தினமும் ஃபெர்ரி ஏறிப் போய் வருகிறான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் என்றாலும் எங்களுக்குள் வாடா போடாதான்.

சாயங்காலம் நாங்கள் குடியிருக்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குக் கீழே எங்கள் உறுமி மேளக் குழுவில் பம்பை அடிப்பான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து அடிக்கும் வரிசையில் இடம் பிடித்தே ஆகவேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி.

அடி தப்பினால் சட்டைக் காலருக்குள் ஐஸ் கட்டி விழும் என்பது குழுவின் சட்டம். போடுகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாத எனக்குக் கிடைத்த ஒரே பதவி.

தயாளன் தப்பினால் மட்டும் கைதட்டல் விழும். அவன்மேல் எங்களுக்குப் பாசம் உண்டு. பயம் அதைவிட அதிகம். ஏதாவது சொல்லி அவன் முகம் சுருங்கிவிட்டால்? பக்கத்தில் நிற்பவன் நம்மைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிட்டால்? கைதட்டிவிட்டால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை அவன் வேண்டுமென்றே கண்டபடி அடித்தான். தகரக் கூரைமேல் குரங்குக் கூட்டம் ஓடியது போல இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். கூட அடிக்கும் கோகுலன் விசிலே அடித்தான்.

தயாளன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"குப்பையா அடிச்சேன்டா. அதுக்கும் சூப்பரா? ஃபேக்டரில நான் எல்லாத்துக்கும் இப்படி ஓகே போட்டா அன்னிக்கே தூக்கிடுவானுங்க. அரசண்ணே, உண்மையச் சொல்லுங்க. பந்தல்ல எனக்கு இடம் இருக்கா?"

குழுத் தலைவர் திருநாவுக்கரசு அண்ணன் உறுமியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் தம்பி..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா?"

எனக்குத்தான் நாக்கு நிற்காதே. "நல்லா அடிக்கிறப்பவே வேகம் எடுக்குற எடத்துல நீ முந்திக்கிட்டு ஓடுற லா. பஸ்ஸ விட்டவன் மாதிரி."

சொன்னதும் எல்லோர் கண்ணும் அவன் காலுக்குப் போனது. என் கண்ணும்தான்.

"காலப் பாக்காதீங்கடா. எங்க முந்துறேன்? காட்டு."

தொடையில் தட்டிக் காட்டினேன். அவன் அடித்தான். அரசண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இவன் சொல்றது சரிதான். இப்படி முந்தினா உன்னப் பந்தல்ல உக்கார வைக்க மாட்டேன்."

தயாளனின் காது மடல் சிவந்துவிட்டது. நிஜமாகவே வலித்திருக்கிறது.

"சரியா வந்தா?"

"வந்தா உக்காரு."

"அப்ப எவனும் வீட்டுக்குப் போகாதீங்க லா" என்று பம்பையை இழுத்து வைத்துக்கொண்டான்.