பெயர் சொல்லித்தான் வாசிப்பார்

அக்கா வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததும் முதலில் கேட்பது பீரோ பூட்டும் சத்தம். வாய் "வாடி" என்று கூப்பிடும். கை சாவியைத் திருகும். பிறகு சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு காப்பி போடப் போவாள். திருக்கோகர்ணத்தில் இருக்கும் அந்த வீட்டில் நகை என்று எதுவும் கிடையாது, எல்லாம் வங்கி லாக்கரில் இருக்கிறது. பீரோவுக்குள் இருப்பது இரண்டு பட்டுச்சேலை, ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு கான்செர்ட்டினா. பூட்டு எனக்காகத்தான்.

கான்செர்ட்டினா ஆறு பட்டை வைத்த சின்ன மரப்பெட்டி. இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தோல் மடிப்பை இழுத்தும் அமுக்கியும் வாசிக்க வேண்டும். ஒரே பொத்தான் இழுக்கும்போது ஒரு சுரம் கொடுக்கும், அமுக்கும்போது வேறு சுரம் கொடுக்கும். எங்கள் தெருவில் அதை ஆர்மோனியக் குட்டி என்றார்கள். அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஸ்வீடனில் ஒரு கப்பல் பட்டறையில் ஒன்பது வருஷம் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது அது. வெளிநாடு போனவர்கள் டிவியும் சென்ட்டு பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் இதைக் கொண்டுவந்ததே எனக்கு முதல் நெருடல்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். மனை வாங்க வருகிறவர்களுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துக் கொடுத்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. சிரித்த முகத்தோடு வருகிறவர் கையில்தான் பெரிய வில்லங்கம் இருக்கும் என்பது அங்கே நான் கற்றது. "கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க, அங்கிட்டுத்தான் விஷயம் இருக்கும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவேன். அத்தானும் சிரித்த முகக்காரர்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் நடு வீட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பெட்டியை எடுப்பார். எடுத்தவுடன் வாசிக்கமாட்டார். கண்ணை மூடி ஒரு பெயர் சொல்லுவார். "இங்ரித்" என்பார், ஒரு பாட்டு. "கெர்தா" என்பார், அடுத்தது. எல்லாம் அந்த நாட்டு கிராமத்து ஆட்டப் பாட்டுகள். தாளம் மூன்று தட்டில் போகும். அதில் இரண்டாவது தட்டு அவசரப்பட்டு முந்திக்கொண்டு வந்துவிடும். கேட்கிறவளுக்குப் படி இறங்கும்போது கால் தவறியது போலவே இருக்கும். "ஓலா" என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அக்கா அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டு இருப்பாள். அவள் அத்தானின் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டை நீட்டிக் காட்டுவாள். அவர் என்னடாவென்றால் ஊர்பேர் தெரியாத பெண்களை வீட்டு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுப் போனார்கள். நான் பார்த்தது பீரோவை. அந்த நோட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு இருந்தது. அவருக்கு இசைக் குறிப்பு எழுதத் தெரியாது என்பதால் பொத்தான் எண்ணும், இழு, அமுக்கு என்ற சொற்களும்தான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெயர், ஓர் ஊர். ஓலாவுக்கு மட்டும் மூன்று பக்கம். அதில் ஒன்றில், "ஓலா வீட்டில், பனி கொட்டிய நாள், திரும்பி வர முடியவில்லை" என்று எழுதியிருந்தார். பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்தேன். பதினோரு பெயர் வரை எண்ணியிருந்தேன், அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. நோட்டை வைத்துவிட்டேன்.

அக்காவிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். காட்டினேன். அவள் நலனுக்காக என்றுதான் அன்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் அதில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஓலா பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

அத்தான் மறைக்கவில்லை. "குளிர்ல ரூம்ல இருக்க முடியாதும்மா. சர்ச் ஹால்ல சும்மா காப்பி குடுக்குறாகன்னு போனேன். வயசானவுக கூடி வாசிப்பாக. அந்த ஊருல ஒரு வழக்கம், பாட்ட யாருகிட்ட கத்துக்கிட்டமோ அவுக பேரச் சொல்லித்தான் வாசிக்கணும். இல்லைன்னா அது திருட்டு மாதிரி" என்றார்.

நான் விடவில்லை. "கத்துக்குடுத்த பதினோரு பேருல ஒரு ஆம்பள கூடவா இல்ல அத்தான்?"

"இருக்காகளே. ஓலா ஆம்பளதான்."

நான் சிரித்தேன். அலுவலகத்தில் பொய்ப் பத்திரம் வந்தால் சிரிக்கிற அதே சிரிப்பு. அக்கா என் சிரிப்பைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "இந்த வீட்டுல இனிமே அந்தப் பேரெல்லாம் கேக்கக் கூடாதுங்க" என்றாள்.

"பேரு சொல்லாம வாசிக்க முடியாது மல்லிகா."

"அப்ப வாசிக்க வேணாம்."

அவர் பெட்டியைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தார். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நம்பியிருப்போமோ என்னவோ. அந்தப் பேசாமையையும் நான் குற்ற ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அந்த வீட்டில் சாயங்காலம் டிவிதான் பேசியது. அக்கா அவர் போன் மணி அடித்தால் எட்டிப் பார்ப்பாள். ஒரே அடுப்புச் சோறு சாப்பிட்டு, ஒரே வீட்டில் படுத்து, இருவரும் ஏதோ ரயில்வே ஸ்டேஷனில் காத்திருக்கிறவர்கள் போல இருந்தார்கள். பிறகு ஒருநாள் காலையில் சந்தைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய போனில் ஒரு செய்தி வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அக்கா என்னிடம் நீட்டினாள். ஓலாவின் மகள் எழுதியிருந்தாள். இரண்டு வருஷமாகப் பதிலே இல்லை, நண்பர் நலமா என்று அப்பா தினமும் கேட்கிறார். நீங்கள் கற்றுக்கொடுத்த பாட்டை, நீங்கள் சொன்ன பெயரைச் சொல்லியே வாரா வாரம் முதலில் வாசிக்கிறோம், பாருங்கள் என்று ஒரு வீடியோ. அதில் ஒரு ஹால், இருபது கிழவர் கிழவிகள். நடுவில் வெள்ளை மீசை வைத்த ஒருவர் வயலினோடு எழுந்து நின்றார். மகள் பின்னாலிருந்து "ஓலா" என்று கூப்பிட, திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "மல்லிகா."

பாட்டு எனக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்குப் பிடிபட்டது. குழம்பு வைக்கும்போது அவள் பாட்டுக்கு ஒன்றை முனகுவாள், வார்த்தை இல்லாத ஒரு மெட்டு. அத்தான் வெளிநாட்டில் இருந்த நாளில் அவர் கூப்பிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டு வேலை செய்வாள். அந்த மெட்டைத்தான் இருபது பேரும் வாசித்தார்கள். பாதியில் எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். மூன்று விநாடி சத்தமே இல்லை. பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

அக்கா எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். தலையில் "மல்லிகா, திருக்கோகர்ணம்". கீழே பொத்தான் எண்கள். நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அத்தான் எழுதியிருந்தார்: "இங்கே உப்புப் பார்ப்பாள்."

அவள் அழவில்லை. "எல்லாத்தையும் படம் புடிச்சியேடி, இந்தப் பக்கத்த ஏன் புடிக்கல?" என்று கேட்டாள். ஆட்டோ வந்துவிட்டது என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. "அவரச் சொல்ல விடாம நீதான் சிரிச்ச. ஒன் சிரிப்ப நான் நம்புனேன்" என்றாள். ஓலாவின் மகளுக்கு என்ன பதில் எழுத என்று கேட்டேன். "நானே எழுதிக்கிறேன், போனக் குடு" என்று வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்துதான் பூட்டு. என்னை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. காப்பி கொடுக்கிறாள், பிள்ளைகளை விசாரிக்கிறாள். பூட்டுகிறாள். பழைய புத்தி விடாமல், நான் போன பிறகு என்ன செய்கிறாள் என்று போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். ஒரு டவுன் பஸ் போய் முடிந்தது. உள்ளே பீரோ திறக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, எண்களைப் பார்த்துப் பொத்தான் தேடுகிறாள் போலும் என்று நினைத்துக் கிளம்பப் போனேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். நாற்பது வருஷமாக ரேஷன் கடையிலும் சொல்லாத அத்தானின் பெயரைத் தெளிவாக, முழுசாகச் சொன்னாள். சொல்லிவிட்டு முதல் பொத்தானை அமுக்கினாள்.