சோதிக்க மறுத்த டாக்டரம்மா

கல்யாணத்துக்கு மறுநாள், படுக்கையில் ரத்தக்கறை இல்லையென்று சம்பந்தியம்மா என் மகளைச் சோதிக்கச் சொல்லிச் சாத்தூர் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். நானும் தலைகுனிந்து கூடப் போனேன்.

டாக்டரம்மா குள்ளம், நரைத்த கிராப்பு. திட்டுவதற்கு முன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். அன்றும் வைத்தார்.

"கன்னிச்சவ்வு ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கும். ஓடியாடுனாலே விலகலாம். நெறையப் பேருக்கு மொதத் தடவ ரத்தமே வராது. அதப் பாத்து எந்த டாக்டராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. நான் சோதிக்க மாட்டேன்."

"அப்ப எம் மகன் எத வச்சு இவள நம்புவான்?"

"அவனையும் கூட்டிட்டு வாங்க. அவன இவ எத வச்சு நம்புறதுன்னு கேப்போம்."

வெளியே காத்திருந்த பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் சிரித்தார்கள். அதுவரை அழுதுகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"வா தாயி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

எனக்குச் சொல்லவே கூசும் அந்தச் சவ்வின் பேரை, வராந்தா முழுக்கக் கேட்க டாக்டரம்மா எப்படிச் சொன்னார் என்று இன்றும் வியக்கிறேன்.