ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓடிய புதூர்நாட்டு ஜீப்கள்

நான் வாழும் ஜெர்மன் நகரத்தில் பேருந்து நான்கு நிமிடம் தாமதமானால் அது முதலில் நிறுத்தத்தின் மின்பலகையில் தெரியும். பிறகு நிற்பவர்களின் முகங்களில் தெரியும். ‘ஃபெர்ஷ்பேட்டுங்’ என்பார்கள். தாமதம் என்றுதான் பொருள், ஆனால் அவர்கள் சொல்லும்போது யாரோ வேண்டுமென்றே செய்த குற்றம்போல ஒலிக்கும். போன குளிர்காலத்தில் ஒரு காலை, பக்கத்தில் நின்ற பெரியவர் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இந்த நாடு இப்போது இப்படித்தான் ஆகிவிட்டது” என்றார். பேருந்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “பரவாயில்லை, வந்துவிடும்” என்றேன். “உங்களுக்குப் பரவாயில்லாமல்தான் இருக்கும்” என்றார். ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தங்கள் தாண்டிய பிறகுதான் அவர் பேருந்தைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னிருக்கையில் காலியிடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

என் ஊர் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம். அங்கே தாமதம் என்ற சொல்லுக்கே வேலையில்லை. ஜீப் நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் நிற்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் உருகி உருகி எழுதுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு உருக வரவில்லை. திருப்பத்தூர் கல்லூரிக்குப் போன காலத்தில் அந்த ஜீப் ஸ்டாண்டில் நின்று நின்று எத்தனையோ வகுப்புகளைத் தவறவிட்டவள் நான். எந்த ஜீப் எங்கே போகும், யார் முதலில் ஏறுவார்கள் என்பதெல்லாம் ஸ்டாண்டின் தலைவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல். பல வருடங்களாக அந்தத் தலைவர், தானும் ஜீப் ஓட்டும் என் அண்ணன் முருகேசன். நல்ல சாலையில் இருக்கும் ஊர்களுக்கு ஓட்டுநர்கள் போட்டி போடுவார்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் என்றால் சாலையைச் சொல்லி, டயரைச் சொல்லி நழுவுவார்கள். அந்தப் பக்கத்து மக்கள் மூட்டைகளோடு நின்று பார்த்துவிட்டு நடப்பார்கள்.

என் வேலை என்னவென்று ஊரில் யார் கேட்டாலும் ‘கம்ப்யூட்டர்’ என்று முடித்துவிடுவேன். இப்போது கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. லாரி நிறுவனங்களுக்கு, எந்த வண்டி எப்போது எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் செயலிகளைச் செய்கிறோம். முன்பெல்லாம் அதற்கு நிறுவனமே சர்வர்களை வாங்கி, குளிரூட்டிய அறையில் வைத்து, ஆள் போட்டுப் பார்க்க வேண்டும். இப்போது எல்லாம் கிளவுட். சர்வர், தகவல் சேமிப்பு, பயனர் அனுமதி என்று தேவையானதை எல்லாம் ஒரு பெரிய நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து, அதன்மேல் நம் செயலியைக் கட்டிக்கொள்ளலாம். சின்ன அளவென்றால் வாடகைகூடக் கிடையாது. ஒரு கணக்கும் அதற்கு ஒரு பெயரும் இருந்தால் போதும்.

மூன்று வருடங்களுக்கு முன் விடுப்பில் ஊருக்குப் போனபோது இதைப் பெருமையாகச் சொல்லப்போய், “அப்போ எங்க ஸ்டாண்டுக்கு ஒண்ணு செஞ்சி குடேன்” என்று அண்ணனே கேட்டான். ஓட்டுநர்களுக்குள் முறைத் தகராறு தினமும் நடந்துகொண்டிருந்தது. அவனுக்கும் அலுத்துப்போயிருந்தது. ஜெர்மனிக்குத் திரும்பி, வார விடுமுறைகளில் உட்கார்ந்து எழுதினேன். உடன் வேலை செய்யும் மத்தியாஸ் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டான். மலையில் ஜீப்களுக்கான செயலி என்றேன். “என்ன விலங்குகள் பார்க்கலாம்?” என்றான். சுற்றுலா என்று நினைத்துவிட்டான். அந்த ஜீப்பில் கேழ்வரகு போகும், பலாப்பழம் போகும், பிரசவத்துக்குப் பெண்கள் போவார்கள் என்றேன். “அப்படியென்றால் ஆம்புலன்ஸா?” என்றான். அதோடு விட்டுவிட்டேன்.

செயலி எளிமையானது. ஊரிலிருந்து யாராவது ஜீப் கேட்டால் கேட்ட வரிசையில் பதிவாகும். ஸ்டாண்டில் எந்த ஓட்டுநரின் முறையோ அவர் அந்த ஊருக்குப் போக வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் கேட்டாலும் போன் அதை வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும். முறையைக் கையால் மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை. கணக்கு என் பெயரில், ஃபிராங்க்ஃபர்ட் சர்வரில் இருந்தது. நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப்கள் ஒழுங்காகப் போக ஆரம்பித்தன. என்னோடு பள்ளியில் படித்த அலமேலு அங்கே ஒரு மகளிர் குழு நடத்துகிறாள். சாமை, கேழ்வரகு மாவு அரைத்துத் திருப்பத்தூர் கடைகளுக்குக் கொடுக்கும் குழு. “இப்போ கடைக்காரன் சொன்ன நாள்ல சரக்கு போவுது சாந்தி” என்று குரல் செய்தி அனுப்பினாள். அதை அலுவலகத்தில் வைத்தே பலமுறை கேட்டேன்.

போன மழைக்காலத்தில் அண்ணன் கூப்பிட்டான். நெல்லிவாசல் பக்கம் ஒரு சவாரி, கோவிந்தன் என்ற ஓட்டுநரின் முறை. அவன் ஜீப்பில் பிரேக் சரியில்லை, வேறு ஆளை அனுப்பலாம் என்றால் செயலி ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

“கோவிந்தன் முடியாதுன்னு போட்டுட்டா அடுத்த ஆளுக்குப் போயிடும் ண்ணா.”

“போட்டா அவன் கடைசிக்குப் போறான். அன்னிக்குப் பொழப்பே போச்சு. எனக்கு மாத்தறதுக்கு அனுமதி குடு.”

“உனக்குக் குடுத்தா பழையபடி ஆயிடும்.”

“இன்னா சொல்ற? பழையபடின்னா இன்னா?” என்றான். “வூட்டு ஆளு நீ. எனக்கே பூட்டு போடறியா?” என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாளிலிருந்து ஸ்டாண்டில் ஒருவரும் செயலியைத் திறக்கவில்லை. தலைவர் சொல் மறுபடியும் தலைவர் சொல்லாகிவிட்டது. நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்த கோரிக்கைகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் பதில் இல்லாமல் கிடந்ததை நான் இங்கே திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமேலுவிடமிருந்து மீண்டும் குரல் செய்தி வந்தது. “மாவு மூட்டைங்க பூசணம் புடிச்சிடுச்சி. கடைக்காரன் வேற ஆளப் பாத்துக்கினான். உங்க அண்ணனும் நீயும் சண்ட போடறதுக்கு எங்க மூட்டதான் கெடச்சதா?” அவள் கோபம் என்மேலும் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. விடுப்பு போட்டுவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

மலைக்கு வந்து சேர்ந்தபோது ஸ்டாண்டில் ஓட்டுநர்கள் கூடியிருந்தார்கள். “வாங்க ஜெர்மனிக்காரங்களே” என்றான் ஒரு ஓட்டுநர். “மரியாதையா பேசு. எங்கூட்டுப் பொண்ணு அது” என்று அவனை அடக்கிய அண்ணன், என் பக்கம் திரும்பி, “இன்னா பண்ணலாம்னு வந்த?” என்றான். உட்காரச் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வை அந்த ஜெர்மன் பெரியவருடையதைவிடக் குளிர்ந்திருந்தது. அவருக்காவது நான் யாரென்று தெரியாது.

“முறைய யாரும் கையால மாத்தக் கூடாது ண்ணா. அதுக்காகத்தான் இதச் செஞ்சதே.”

“நான் மாத்தனா ஏன்னு வந்து கேப்பானுங்க. என் சட்டையப் புடிப்பானுங்க. புடிச்சும் இருக்கானுங்க, கேட்டுப் பாரு. நீ எழுதி வெச்சது தப்பாப் போனா யாரு சட்டையப் புடிக்கறது? ஃபிளைட் புடிச்சி வரணுமா?”

ஓட்டுநர்கள் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள். அப்போது அவனிடம் தோற்க எனக்கு மனமில்லை. “அதுக்குன்னு பொம்பளைங்கள மூட்டையோட நடக்க விடுவியா?” என்று கத்தினேன்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த அலமேலு முன்னால் வந்தாள். “ண்ணா, உங்க சட்டையப் புடிச்சவங்க எல்லாம் ஆம்பளைங்க. எங்க பக்கத்துப் பொம்பளைங்க யாரும் அதப் புடிச்சது கெடையாது. நாங்க ரோட்டாண்ட நின்னு பாப்போம், அப்புறம் நடப்போம். எங்களுக்கு நீங்களும் ஒண்ணுதான், ஃபிளைட்ல இருக்கறவளும் ஒண்ணுதான்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீயும் கேட்டுக்கோ. எங்க ஊருக்கு வர்ற ஜீப்பு உன் பேர்ல எதுக்கு இருக்குது?”

அவள் என் பக்கம் பேசுவாள் என்று நம்பி மலை ஏறி வந்திருந்தேன்.

பேச்சு முடிந்தபோது ஸ்டாண்ட் இரண்டாகியிருந்தது. பாதி ஓட்டுநர்கள் அண்ணனோடு போனார்கள். மீதிப் பேர் செயலியில் இருக்கிறோம் என்றார்கள், கோவிந்தன் உட்பட. ஆனால் கணக்கு இங்கே யாருடைய கையிலாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அடுத்த நாள் அலமேலுவின் மாவு அரைக்கும் கொட்டகையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மும்பை சர்வருக்கு மாற்றினேன். சிக்னல் அறுந்து அறுந்து வந்ததால் பொழுது சாயும்வரை ஆனது. முறையை மாற்றலாம், ஆனால் ஓட்டுநர் ஒருவரும் குழுப் பெண் ஒருத்தியும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் மாறும் என்று எழுதிக் கொடுத்தேன். பிரேக் சரியில்லாத ஜீப்புக்கு அதில் வழி இருந்தது. அண்ணன் கேட்டதில் பாதி அதுதான். அவன் கேட்டபோது நான் கொடுக்காதது.

எல்லாம் முடிந்ததும் அட்மின் பட்டியலில் என் பெயரை நீக்கப் போனேன். “இரு, நான் எடுக்கறேன்” என்று அலமேலு கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கேட்டு, அழுத்தினாள். எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டாள்.

திரும்பும் நாளில் திருப்பத்தூருக்கு ஜீப் வேண்டியிருந்தது. செயலியைத் திறந்தேன். நான் அமைத்துக் கொடுத்த விதிப் பக்கத்தில் குழுவினர் அதற்குள் புதிதாக ஒரு விதியைச் சேர்த்திருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டது. மலை ஊர்க்காரர்களுக்கு முதலிடம், இடமிருந்தால் வெளியூர்க்காரர்கள். நான் எங்கள் ஊரின் பெயரைத் தொடப் போனபோது, மூட்டை ஏற்ற வந்திருந்த அலமேலு பார்த்துவிட்டாள்.

“நீ வெளியூர்ல போடு சாந்தி. முறைன்னா முறை.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளியூர் என்பதைத் தொட்டேன். எனக்கு முன்னால் ஒரு ஜீப் நிரம்பிப் போனது, இன்னொன்று போனது. என்னைப் போல வெளியே போனவர்களே, ‘வெளியூர்’ என்ற இந்தச் சொல்லைப் போன நாடுகளில் நூறு விதமாகக் கேட்டிருப்பீர்கள். நம் ஸ்டாண்டில், நாமே செய்த செயலியில், நம் விரலாலேயே தொட்டுப் பாருங்கள்.

அப்போது அண்ணனின் ஜீப் என் பக்கத்தில் வந்து நின்றது. நான் வந்ததிலிருந்து அவன் வீட்டில் எனக்குச் சோறு இருந்தது, பேச்சு இல்லை. இன்ஜினை நிறுத்தாமல் சாலையைப் பார்த்துக்கொண்டே, “ஏறு” என்றான்.

“என் முறை இன்னும் வர்ல ண்ணா” என்றேன்.

கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் கோவிந்தனின் ஜீப்பில், கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவே எனக்கு இடம் கிடைத்தது. மலைச் சாலையின் வளைவுகளில் கீழே பார்த்தால் அண்ணனின் கதவில்லாத ஜீப் வழியெல்லாம் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. உள்ளே கூட்டம். பின்படியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.