விளக்கெண்ணெய்ப் பந்து

நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையில் நிறுத்தினால் பொன்மலையிலிருந்து ஜங்ஷன் வரை நிற்கும். முதல் ஆளாக நிற்பது என் மிமிக்ரி. இன்று காலை தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவினேன். அந்த வாசனை என்னை அரை டிராயரோடு கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டது.

விளக்கெண்ணெய் குடித்துக் கனத்த தோல் பந்து, அதை உதைத்தால் எழும் 'தொம்', ரயில் பட்டறைச் சங்கு ஊதியதும் தூக்குச்சட்டியோடு நேராக வந்து நிற்கிற கூட்டம், இத்தனைக்கும் மேலே, கோலுக்கு முன்னால் தடுத்து பேக் ஆடும் காசிம் அண்ணன் கோல்கீப்பர் அருளப்பன் அண்ணனுக்குக் கொடுக்கும் கட்டைக்குரல்: "விட்டுடு மாப்ளே, அவுட்டு." இருவரும் ஒரே சைக்கிளில் வந்து ஒரே சைக்கிளில் போவார்கள்.

அந்தக் குரல் எனக்கு அச்சாக வரும். ஒரு பைனலில் பந்து வரும்போது போஸ்டுக்குப் பின்னாலிருந்து சும்மா அப்படிப் பேசிப் பார்த்தேன். அருளப்பன் அண்ணன் பந்தை விட்டுவிட்டார். கோல்.

"நீதானடா விடச் சொன்னே?"

"நான் வாயே தொறக்கலை."

மறுநாளிலிருந்து இரண்டு சைக்கிள். கடைசிவரை இரண்டுதான்.

மைதானம் வீடுகளாகிவிட்டது. அருளப்பன் அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம். எண்ணெய் காயாத செருப்போடு உறையூருக்குப் போய், கட்டிலில் கிடந்த காசிம் அண்ணனிடம் அந்தக் குரலிலேயே பேசிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"இத அவன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.