எல்லாரும் சேர்ந்து மாமாவைத் தேர்ந்தெடுத்த நாள்

ஜப்பான்காரன் காலத்தில், சுங்காய்க்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு தேர்தல் நடந்தது. யாருமே ஜெயிக்க விரும்பாத தேர்தலை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

வெள்ளைக்காரத் துரை இருந்தவரை, எங்களை வேலை வாங்கும் தண்டலை அவரே நியமிப்பார். எங்களை யாரும் கேட்டதில்லை. துரை ஓடிப்போன பிறகு, ஒரு நாள் காலை ஜப்பானிய அதிகாரி எல்லாரையும் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினான். அவன் கத்தியதையெல்லாம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் பணிவாகத் தமிழில் சொன்னார். ஜப்பானில் சக்கரவர்த்தியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லையாம், அவர் வானத்திலிருந்தே வந்தவராம். ஆனால் தோட்டத்துத் தலைவரை நாங்களே சுதந்திரமாகக் கைதூக்கித் தேர்ந்தெடுக்கலாமாம். தேர்ந்தெடுக்காவிட்டால் உதையாம்.

சயாமில் ரயில்பாதை போட யார் போவது என்று தலைவர்தான் ஆள் காட்ட வேண்டும். இதுவும், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அங்கே போனவர் யாரும் திரும்பவில்லை என்பதும் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சின்னப் பெண்ணான எனக்கோ, தலைவர் என்றால் மாலை போடுவார்கள் என்று மட்டும்தான் தெரியும்.

கோயில் தலைவர் பதவிக்காக மண்டையை உடைத்துக்கொண்ட இருவர், “நீங்கதாண்ணே பெரியவங்க”, “இல்லண்ணே, நீங்கதான் நாலெழுத்து படிச்சவங்க” என்று குழைந்தார்கள். இன்னொருவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போயிற்று.

அப்போது அப்பா முன்னால் வந்தார். அம்மாவின் அண்ணனோடு, ஏதோ ஒரு சேவல் விஷயமாக, அவருக்கு வெகுநாளாகப் பேச்சே இல்லை.

“எங்க மச்சான் இருக்காரு லா! அவர மாதிரி தங்கமான மனுசன் இந்தத் தோட்டத்துல யாரு இருக்கா?”

மாமா அன்று மரவள்ளிக்கிழங்கு வாங்க பீடோருக்குப் போயிருந்தார். ஊரில் இல்லாதவரைவிடப் பொருத்தமான தலைவர் எங்கே கிடைப்பார்? எல்லாக் கைகளும் உயர்ந்தன. காது கேட்காதவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

சாயங்காலம் சைக்கிளில் வந்த மாமாவை ஓடிப்போய் மறித்தேன். “மாமா, நீங்கதான் தலைவரு! அப்பாதான் சொன்னாரு!”

மாமா இறங்கி, கிழங்கு மூட்டையைக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சில வாரங்களில் லாரி வந்தது. இரண்டு ஆள் வேண்டும் என்றான் அதிகாரி. மாமா களத்தைச் சுற்றிப் பார்த்தார். கைதூக்கியவர்கள் எல்லாம் தங்கள் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சரி, ஒண்ணு நான்” என்று மாமா ஏறினார்.

இன்னோர் ஆளைக் காட்டும்படி கிராணியார் கெஞ்சினார். மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்.

“நீ எதுக்கு வார மச்சான்? எறங்கு.”

“ஒன்னயத் தலைவராக்குனதே நான்தான் லா. தள்ளி ஒக்காரு.”

இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டே இருவரும் போனார்கள். அம்மாவும் அத்தையும் மண்ணில் விழுந்து அழுதார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவும் மாமாவும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்களே, அதற்குப் போய் அழுவார்களா? அதுவுமில்லாமல், ரயில்பாதை போடப் போகிறவர்கள் வேலை முடிந்ததும் அதே ரயிலில் ஏறித் திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.